பழைய லென்ஸும் ஓர் ஐசி கார்டும்

கிட்டத்தில் வைத்துப் படம் பிடிக்கிறவன் மூச்சுகூட விடக் கூடாது. விட்டால் இலையில் இருந்த தெளிவு காம்புக்குப் போய்விடும். இந்தப் பாடு பட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். மலேசியாவில் பெடாஸ் என்ற ஊரில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தேன். அங்கே நடந்ததில் சிலதைச் சொல்கிறேன்.

புதுக் கேமரா

எழுபதுகளில் வாங்கிய கிட்டத்து லென்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. கட்டைவிரல் நகத்தைக் கைக்கண்ணாடி அளவுக்குக் காட்டும். எண்பதுகளின் கடைசியில் புதுக் கேமரா வாங்கினேன். அதற்கேற்ற கிட்டத்து லென்ஸின் விலையைக் கேட்டேன், வாயை மூடிக்கொண்டேன். பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட சிரம்பான் டவுன் கடையில் ஒரு வளையம் விற்றார்கள்.

மாட்டலாம், அவ்வளவுதான். பழைய கேமராவில் பட்டனை அமுக்கினால் லென்ஸின் துவாரம் தானாகச் சுருங்கும். இதில் சுருங்காது. அகலத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு கையால் சுருக்கிவிட்டு அமுக்க வேண்டும். சுருக்க மறந்தால் நூல் அளவுக்குத்தான் தெளிவு, மற்றதெல்லாம் புகை. வளையம் விற்ற கடை முதலாளி, சீனத் தவுக்கே, நம்மைப் போலவே தமிழ் பேசுவார். சொன்னார்: "இது கல்யாணம் இல்ல தம்பி, சும்மா பக்கத்துல உக்கார வச்சிருக்கு. ரெண்டும் பேசிக்காது லா."

நோய் இலை

ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி ஒரு நாள் புள்ளி விழுந்த ரப்பர் இலையைக் கொண்டுவந்தார். பெரிதாக எடுத்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டுமாம். காற்றாடி போட்டால் இலை ஆடியது. நிறுத்தினால் என் வேர்வை இலைமேல் சொட்டியது. மத்தியானத்துக்குள் இலை சுருண்டுவிட்டது, இன்னொன்று பறித்துவரச் சொன்னேன். இதில் பழைய லென்ஸுக்குள் பூஞ்சணம் வேறு. படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கிராணி கேட்டார்: "புள்ளி இலையில இருக்கா, ஒன் லென்ஸ்ல இருக்கான்னு தொர கேட்டா நான் என்னய்யா சொல்றது?"

கோவிந்தனின் ஐசி

ஆள் செத்துப்போய்விட்டால் அடையாளக் கார்டைப் பதிவு ஆபீஸில் திருப்பி ஒப்படைத்துவிட வேண்டும். எங்கள் பேச்சில் அது ஐசி. தோட்டத்தில் பல பேருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே முகப்படம் அதில் இருப்பதுதான். அதனால் ஒப்படைக்கப் போகிற வழியில் என் கடையில் இறங்குவார்கள். கார்டில் இருக்கிற முகத்தைப் பெரிதாக்கி மாலை போட வேண்டுமே.

முனியம்மாக்கா அப்படித்தான் வந்தார். புருஷன் கோவிந்தன் பால்மரம் வெட்டுகிறவர், மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவி ரப்பர்ப் பால் இறக்குகிறவர்; காய்ச்சலில் போய்விட்டார். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. வெளியே கொழுந்தன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தான். பின்பாக்கெட்டிலேயே கிடந்து கார்டு முதுகு வளைந்திருந்தது. துவாரத்தை அகலத் திறந்து பார்த்தேன். கோவிந்தன் பளிச்சென்று தெரிந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா கேட்டார்: "அவரு கண்ணு தெரியுதா தம்பி?" "நல்லாத் தெரியுதுக்கா" என்றேன். சொன்ன வாயோடு அமுக்கினேன். மூன்று படம். கார்டை ஒரு நாள் விட்டுப் போங்கள், கழுவிப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு அக்கா சொன்னார்: "ஒங்க கையில ஒப்படைச்சிட்டேன், இனிமே அங்க குடுத்தா என்ன."

படம் வாங்க வந்தபோது

கழுவியபோதுதான் தெரிந்தது, துவாரத்தைச் சுருக்கவே இல்லை. வளைந்த கார்டில் ஒரு பக்கத்துக்கு மட்டும் தெளிவு. வலது கண் முழித்துப் பார்த்தது. இடது கண் வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது. மூன்றிலும் அதே கதி. கார்டு போய்ச் சேர்ந்து ஐந்து நாள் ஆகிவிட்டது. ஆபீஸுக்குக் கேட்டு ஓடினேன்; திரும்பத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

படம் வாங்க வந்த அக்கா ஏசுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். ஏசியிருந்தால் தேவலை. படத்தை வெகுநேரம் பார்த்தார், விரலால் அந்தக் கண்ணைத் துடைத்தும் பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்த குழந்தையைக் காட்டிச் சொன்னார்: "எனக்கு அந்தக் கண்ணு தெரியும் தம்பி. இவளுக்குத்தான் தெரியாது."

பன்னிரண்டு வயது

இங்கே பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து முனியம்மாக்கா அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட உடை, இரட்டைச் சடை. நாற்காலியில் உட்காரவைத்து, "ரெண்டு கண்ணையும் நல்லாத் தொறம்மா" என்றேன். அப்படியே அப்பாவின் முகம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன்.

பெண்ணுக்கு முகமெல்லாம் சிரிப்பு. முனியம்மாக்கா சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைக் கெடுத்தவன் நான்தான் என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்: "எங்கப்பாவுக்கு ஒரு கண்ணுல பூ விழுந்திருந்துச்சு அங்கிள். ஒத்தக் கண்ணோடவே நானூறு மரம் வெட்டுவாராம், மரத்துல ஒரு காயம் படாம!"

நல்ல கண்ணோடு செத்துப்போன மனிதனுக்குப் பூ விழவைத்த ஃபோட்டோக்காரன் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.