பாட்டுக்குள் இடம் கிடைக்காத பத்து எலக்ட்ரான்கள்

எகிப்தின் தமன்ஹூர் ஊரில் வேதியியல் டியூஷன் என்றால் வக்தி வாத்தியார்தான். ஒரே கூடத்தில் முன்னூறு பிள்ளைகள், அவர் கையில் மைக். அந்த ஊர் வழக்கப்படி பிள்ளைகளுக்கு அவர் 'மிஸ்டர்'. எந்தப் பாடத்தையும் பாட்டாக்கிவிடுவார். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே பாடுவார்கள்:

"சோடியத்தின் நடுவிலே புரோட்டான் பதினொன்னு, வெளியே நிக்கிற எலக்ட்ரானை இழுப்பதும் பதினொன்னு!"

பாட்டு தப்பு என்று வக்திக்குத் தெரியும். உள்ளே இருக்கும் பத்து எலக்ட்ரான்கள் வெளியே இருப்பதைத் தள்ளுகின்றன. அணுக்கருவின் இழுப்பில் பெரும்பகுதி அதிலேயே அடிபட்டுப் போய்விடும். அந்தப் பத்தையும் பாட்டில் நுழைத்துப் பார்த்தார், தாளம் இடறியது. விட்டுவிட்டார்.

பொதுத்தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது கடைசி வரிசையில் நிவீன் என்ற மாணவி எழுந்தாள்.

"மிஸ்டர், பதினொன்னும் சேர்ந்து இழுத்தா, சோடியம் ஏன் அந்த எலக்ட்ரானை அவ்வளவு லேசா விட்டுடுது?"

வக்தி மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"ஏம்மா, கேள்வி கேக்கறது கல்வி அமைச்சகத்தோட வேலை. வேணும்னா அங்க போய் மனு குடு!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. நிவீன் உட்கார்ந்தாள். அதன்பின் அவள் வாய் பாடவில்லை.

வீட்டில் கீரைக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"யாரோட சண்டை?" என்றாள் மனைவி சுஹைர்.

"சண்டை இல்ல. ஒரு பொண்ணு சரியான கேள்வி கேட்டா."

"அதுக்கா மூஞ்சி இப்படி?"

"எல்லாரையும் அவளைப் பாத்து சிரிக்க வெச்சுட்டேன்."

கடைசி வகுப்பில் வக்தி கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, பத்துப் பையன்களைத் தன்னைச் சுற்றி நெருக்கமாக நிறுத்தினார்.

"நிவீன், நான் அணுக்கரு, நீ வெளியே நிக்கிற எலக்ட்ரான். நான் தெரியறேனா?"

"உங்க வழுக்கையில ஒரு ஓரம் தெரியுது, மிஸ்டர்."

இந்த முறை சிரிப்பு அவர் பக்கம் திரும்பியது. அடங்கும்வரை நின்றார்.

"இவங்க மறைக்கத்தான் செய்யறாங்க. நிஜ எலக்ட்ரானா இருந்தா உன்னை வெளியே தள்ளவும் செய்வாங்க. என் இழுப்பு உனக்குக் கொஞ்சம்தான் வந்து சேரும். அதான் சோடியம் லேசா விட்டுடுது. பாட்டு தப்பு. அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உன்னைக் கேலி பண்ணினேன்."



"அப்ப நாங்க மனப்பாடம் பண்ணினது, மிஸ்டர்?" என்றான் முன்வரிசைப் பையன்.

"மறந்துடு."

நிவீன் குனிந்து எழுதினாள். நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை.

வகுப்பு முடிந்தது. படியிறங்கும் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் கைதட்டிப் பாடத் தொடங்கினார்கள்: "இழுப்பதும் பதினொன்னு!"

மைக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் வக்தி நின்றார். அவர் போட்ட தாளம். ஒரு தட்டுகூடப் பிசகவில்லை.