இரண்டு விரலுக்கு நிற்கும் இன்ஜின்

கடலை நான் முப்பது வயதுக்கு மேல்தான் பார்த்தேன். ஆனால் அதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே, கோயமுத்தூரிலிருந்து பல்லடம் போகிற சாலையோரத்துப் பருத்தி அரவை ஆலை ஒன்றின் இன்ஜின் அறையில் உட்கார்ந்தபடி, தினமும் ஒரு மணி நேரமாவது கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு மேல் வெளிச்சன்னல் வழியாக வெயில் விழும். பெரிய சக்கரத்தின் நிழல் எதிரே சுண்ணாம்புச் சுவரில் சுற்ற ஆரம்பிக்கும். ஆரக்கால் நிழல் ஒன்று வரும், ஒன்று போகும். நீராவி ஒரு பெருமூச்சு விடும், அடங்கும், மறுபடி விடும். அரவைக் கூடத்திலிருந்து மிதந்து வரும் பஞ்சுத் துணுக்குகள் வெயிலில் சற்றுத் தயங்கி நின்றுவிட்டு மெல்லக் கீழே இறங்கும். எனக்குக் கண் திறந்தேதான் இருக்கும். ஆனால் கால் ஈர மணலில் இருக்கும்.

நான் அந்த ஆலையின் இன்ஜின் டிரைவர். ரயில் ஓட்டுகிற டிரைவர் இல்லை. நின்ற இடத்திலேயே சுற்றுகிற இன்ஜினுக்கு டிரைவர். ஊருக்குள் கரண்டு வந்து, பெரிய மில்கள் ஒவ்வொன்றாக மோட்டாருக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கம் இன்னும் கம்பி வரவில்லை. பாய்லரில் விறகு எரிய, நீராவி குழாய் வழியே வந்து இன்ஜினைத் தள்ள, இன்ஜின் ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுற்ற, அதிலிருந்து பெல்ட்டு போட்டு இருபத்துச் சொச்சம் அரவை மெஷின்கள் ஓடும். மெஷினுக்கு ஒருத்தியாகப் பெண்கள் நின்று பருத்தியை ஊட்டிக்கொண்டிருப்பார்கள். பஞ்சு ஒரு பக்கம் விழும், கொட்டை ஒரு பக்கம் விழும். கூடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவரும், அந்தச் சுவரில் ஒரு சன்னலும், ஒரு கதவும்.

இன்ஜினை நிறுத்த வேண்டுமானால் நீராவியை அடைக்க வேண்டும். அதற்கு ஒரு கைச்சக்கரம் உண்டு. திறக்க ஒன்பது சுற்று, மூட ஒன்பது சுற்று. அதைத் தாண்டி இன்ஜினை ஒட்டி இன்னொரு வால்வு, அதற்கு ஒரு சாண் நீள லீவர். அவசரத்துக்கு அதைத் தள்ளினால் போதும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நான் வேலைக்குச் சேரும் முன்பே அது துருவேறி இறுகிப்போயிருந்தது. யாரும் அதைத் தொட்டதில்லை. நானும் தொடவில்லை.

ஒரு பங்குனி மாதக் காலை. பருத்தி வண்டிகள் வாசல் வரை வரிசை கட்டி நின்றன. நான் வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு என் கடற்கரையில் இருந்தேன். தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. அலை பெரிதாக வருகிறது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது முறை கேட்டபோதுதான் அது கூடத்துப் பெண்களின் கூக்குரல் என்று தெரிந்தது. பாய்ந்து போய்க் கைச்சக்கரத்தைத் திருப்பினேன். ஒன்பது சுற்று. நான் முடிப்பதற்குள், கதவோரத்து மெஷினில் நின்ற அக்காவின் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் மிஞ்சின.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "டிரைவரு என்னுங்க பண்ணுவாரு, வால்வு அப்படி" என்றார்கள். நானும் ஆமாம் வால்வு அப்படி என்றேன். முதலாளியிடம் சொன்னேன், டீக்கடையில் சொன்னேன், என் வீட்டிலும் சொன்னேன். ஒரு பொய்யை அத்தனை பேரிடம் சொன்ன பிறகு அந்த வால்வை அப்படியே விட்டுவைக்க எனக்கு முகமில்லை. லீவரைச் சீர்செய்ய நான் இறங்கியதற்குக் காரணம் புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, வெட்கம்தான்.

ஆறிய கையோடு அக்கா மூன்று மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மெஷினில் நிற்க முடியாது. கூடத்தில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கிற வேலை. இடுப்பில் குடம், இரண்டு விரலில் சொம்பு. பதினொரு மணிக்கு எனக்கும் கொண்டுவருவார். அந்தச் சொம்பை அவர் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு கணக்கு பிறந்தது. கூடத்திலிருந்தே இன்ஜினை நிறுத்த ஒரு கயிறு வேண்டும். என்னை நம்பி யாரும் இருக்கக் கூடாது. அந்தக் கயிற்றை இந்த இரண்டு விரலால் இழுக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் அது கயிறே இல்லை.

முதலில் லீவரின் துருவைச் சுரண்டி, எண்ணெய் விட்டு, அசைய வைத்தேன். அதில் ஒரு கயிற்றைக் கட்டி, இரண்டு கப்பி வழியாகக் கதவோரமாகக் கூடத்துக்குக் கொண்டுபோனேன். மாலையில் இன்ஜின் நின்ற பிறகு அக்காவை இழுக்கச் சொன்னேன். அவர் தொங்கியே பார்த்தார். அசையவில்லை. சாண் நீள லீவருக்கு அவ்வளவு பலம் வேண்டும்.

பட்டறையில் உட்கார்ந்து லீவரை மூன்று முழத்துக்கு நீட்டினேன். இப்போது லேசாகத்தான் இருந்தது. ஆனால் கயிற்றை ஆள் நீளத்துக்கு இழுக்க வேண்டியிருந்தது. அக்கா இழுத்துக்கொண்டே நாலடி பின்னால் போனார், அங்கிருந்து என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, கெணத்துல தண்ணி சேந்தற மாதிரியல்லோ இருக்குது. இத்தனை நேரமிருந்தா நான் ஏனுங்க கையைக் குடுக்கறேன்?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். ராத்திரி பகலாக வேலை செய்தவனைப் பார்த்து இப்படியா என்று முணுமுணுத்துக்கொண்டு போய், கொட்டைக் கிடங்கில் மூட்டை மேல் சாய்ந்துகொண்டேன். வெளியே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கிடங்கு அரை இருட்டு. பருத்திக்கொட்டையின் எண்ணெய் வாசனை. மூலையில் எலிக்கு வைத்த பொறியைப் பார்த்தபடி இருந்தேன். ஒரு தட்டைக் கல், அதைத் தாங்கி ஒரு குச்சி, குச்சியடியில் ஒரு துண்டு தேங்காய். வேறொன்றுமில்லை. வழக்கம்போல் நினைவு எங்கெங்கோ போயிற்று. அலை வந்தது, போயிற்று, அதன் நடுவே அந்தக் கல் மட்டும் நின்றது. எலியா கல்லைத் தூக்குகிறது? எலி குச்சியைத்தானே தொடுகிறது.

எழுந்து உட்கார்ந்தேன். வாழ்க்கையில் என் பகல் கனவு எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

எடை மேடையில் காது உடைந்துபோன எடைக்கல் ஒன்று ஒதுக்கிக் கிடந்தது. அதை லீவரின் நுனியில் தொங்கவிட்டேன். கல்லின் பாரத்தில் லீவர் தானாகவே கீழே இறங்கி வால்வை மூடிவிடும். அது இறங்காமல் இருக்க, அடியில் ஒரு இரும்புக் கொக்கி. கொக்கியின் தாங்குகிற பக்கம் இரண்டு அங்குலம், கயிறு கட்டுகிற பக்கம் ஒரு முழம். கயிற்றைத் தொட்டால் கொக்கி விலகும். மற்றதைக் கல் பார்த்துக்கொள்ளும். இன்ஜின் அதிர்வில் கொக்கி முதலில் தானாகவே நழுவியது. அதற்கு மாட்டுகிற இடத்தில் அரத்தால் ஒரு நகக்கண் அளவு பள்ளம் போட்டு, பழைய பெல்ட்டுத் தோலில் ஒரு துண்டு வைத்தேன். அதன் பிறகு நழுவவில்லை.

அக்கா வந்து இரண்டு விரலால் கயிற்றைப் பிடித்தார். பிடித்ததுதான் தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் எடைக்கல் தொப்பென்று இறங்கியது. அவர் சிரிக்கவில்லை. "ஆச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றித் தெரியாமல் நினைத்துவிட்டேன். மறுவாரம் ஒரு பெல்ட்டு அறுந்து கூடத்தில் சாட்டை மாதிரி வீசிக்கொண்டிருந்தது. கயிறு கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. அந்த மெஷினில் நின்ற பெண் அதைத் தாண்டி நடந்து வந்து, என் கதவருகே முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்று, "ஏனுங்க, பெல்ட்டு அந்துபோச்சுங்க. சித்த நிறுத்தறீங்களா?" என்று கேட்டாள்.

"கயிறு எதுக்கு அம்மணி தொங்குது? துணி காயப்போடவா?" என்று கத்தினேன்.

"உங்களைக் கேக்காம எப்படீங்க இழுக்கறது?"

துணி காயப்போடவில்லை. ஆனால் அடுத்த நாள் ஒருத்தி அதில் தன் தூக்குப்போசியை மாட்டிவிட்டாள். முதலில் கட்டிய அசையாத கயிற்றில் மாட்டிய பழக்கம். போசியில் இருந்தது கொஞ்சம் கம்மஞ்சோறும் மோரும்தான். அந்தப் பாரத்துக்கு மொத்த ஆலையும் நின்றது. நான் பதறி எழுந்தபோது முதலாளி கதவருகே நின்றிருந்தார். அவர் கோபம் வந்தால்தான் இன்னும் மரியாதையாகப் பேசுவார்.

"என்னுங்க தம்பி, போசிக்கு நிக்கற இன்ஜினுங்களா நம்முளது? இன்னொரு தடவை சும்மா நின்னுதுன்னா அந்தக் கயித்தை அறுத்துப்போடுங்க."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கயிற்றின் பக்கமே யாரும் போகவில்லை. இழுக்க இரண்டு விரல் போதும் என்று நான் செய்து வைத்திருக்கிறேன். இழுக்கத் துணிகிற விரல் ஒன்றுகூட அந்தக் கூடத்தில் இல்லை. இரும்பில் அரத்தால் பள்ளம் போட்டுவிடலாம். இதற்கு என்ன செய்வது? எனக்கு அழுகையே வந்தது.

கடைசியில் ஒரு வழி தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்ஜினை நிறுத்துவது என் வேலை. அதை அவர்களிடம் கொடுத்தேன். தினம் ஒருத்தி முறை வைத்து, மணி அடித்ததும் கயிற்றை இழுக்க வேண்டும். சும்மா நிற்கவில்லை, சாப்பாட்டுக்கு நிற்கிறது; முதலாளியும் ஒன்றும் சொல்ல முடியாது. முதல் நாள் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பாம்பைத் தொடுவதுபோல் தொட்டாள். பத்து நாளில் யார் முறை என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். பெரிய சக்கரம் மெல்ல மெல்ல மூச்சடங்கி நிற்கும்போது கூடத்திலிருந்து வரும் சிரிப்பு எனக்குக் கேட்கும். மறுபடி கல்லைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவேன்.

அக்கா மட்டும் முறை எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, "நான் தண்ணிக்காரிங்க. நிறுத்தறதுக்கு நான் யாருங்க?" என்றார். அவர் குரலில் ஒன்றுமில்லை. ஆனால் அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று என் மனசு அடித்துக்கொண்டது. ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்குச் சொம்பை வாங்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். வால்வு இல்லை அக்கா, நான்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வாய் வரை வரும். தண்ணீரோடு விழுங்கிவிடுவேன்.

அப்படியே அந்த வருஷம் போயிற்று. மறுபடி பருத்தி வரத்து, மறுபடி அந்த வெயில், சுவரில் அந்த நிழல். திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வேன், நின்றுகொண்டே இருப்பேன், ஆனாலும் பத்து மணி ஆனால் மணல் காலுக்கடியில் வந்துவிடும். அன்று பதினொரு மணி வாக்கில் எண்ணெய்க் குப்பியோடு இன்ஜினைச் சுற்றி வந்தபடியே கடலோரம் போய்க்கொண்டிருந்தேன். குனிந்தேன். என் தோள் துண்டின் ஒரு முனை, இன்ஜினின் வேகம் காக்கும் இரும்புக் குண்டுகளைச் சுற்றுகிற சின்ன பெல்ட்டுக்குள் போய்விட்டது. மறு முனை என் கழுத்தைச் சுற்றியிருந்தது.

கத்தக் குரல் வரவில்லை. இரண்டு கையாலும் இன்ஜினைச் சுற்றிய தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் இழுத்தேன். கைச்சக்கரம் பத்தடி தூரத்தில் இருந்தது, கொக்கி இன்ஜினுக்கு அந்தப் பக்கம். ஒவ்வொரு சுற்றுக்கும் துண்டு ஒரு விரல் ஒரு விரலாக உள்ளே போனது. கூடத்தில் மெஷின்கள் தங்கள் பாட்டுக்கு ஓடின. சுவரில் நிழல் தன் பாட்டுக்குச் சுற்றியது. என் காதுக்குள் அலை பெரிதாக எழும்பியது, இந்த முறை நிஜமாகவே.

தொப்.

எடைக்கல் விழுந்த சத்தம். நீராவி அறுந்தது. பெல்ட்டு தளர்ந்தது. பெரிய சக்கரம் இன்னும் நாலைந்து சுற்று சுற்றிவிட்டு நின்றது. நான் துண்டை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவருகே அக்கா நின்றிருந்தார். காலடியில் குடம் கவிழ்ந்து, தண்ணீர் என் பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தது. கயிறு இன்னும் அவருடைய இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்தது.

"கேக்காம இழுத்துப்போட்டேனுங்க," என்றார். "கோவிச்சுக்காதீங்க."

நான் அழுதேன். சின்னக் குழந்தை மாதிரி, வெட்கமில்லாமல் அழுதேன். "அக்கா, அன்னைக்கு வால்வு இல்லைங்க. நான்தான்... சுவத்தைப் பாத்துட்டு..."

அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சொம்பில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது.

"தெரியும் கண்ணு," என்றார். "என்ற மெஷினு அந்தச் சன்னலுக்கு நேராத்தான் இருந்துச்சு. கை மாட்டுனப்ப உன்னையத்தான் பாத்துட்டு இருந்தேன். தண்ணி குடி."

குடித்தேன். விழுங்கும்போது தொண்டை வலித்தது. கூடத்துப் பெண்கள் ஒவ்வொருவராகக் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். முதலாளி வருவதற்குள் எழுந்துபோய், எடைக்கல்லைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினேன்.