துவக்கு இல்லாத ஆள்

வெள்ளவத்தையில் என் வீட்டு அறையொன்றில் வாடகைக்கு இருப்பவருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கம்பெனியொன்றில் கணினி வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரும் கூட்டாளிகளும் என் சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்து, சுண்டுவிரலில் பாதி உயரமுள்ள, துவக்குப் பிடித்த பட்டாளத்தாரை நிறுத்தி யுத்தம் விளையாடுவார்கள். அளவு நாடாவால் அளந்து ஆட்களை நகர்த்துவது, தாயக்கட்டை உருட்டிச் சுடுவது. அவருடைய அறைக்குள் அவ்வளவு பெரிய மேசை கொள்ளாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னர் எனக்குத் திரும்ப வரவேண்டும் என்று சொல்லித்தான் மேசையைக் கொடுத்தேன்.

முதலில் நான் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் மேசையைத் துடைக்கப் போனபோது, ஓர் ஆளின் கையில் மட்டும் துவக்கு இல்லாததைக் கண்டேன். முழங்காலில் இருந்தான். தோளில் ஒரு பை. கையில் வெள்ளைப் பட்டி, அதில் கடுகளவு சிவப்புச் சிலுவை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் பார்த்தேன்.

"இவர் ஆர் தம்பி?"

"மெடிக், அன்ரி. காயப்பட்ட ஆக்களைப் பாக்கிறவர்."

"எப்பிடிப் பாப்பார்?"

"விழுந்தவனுக்குக் கிட்டப் போய்க் கட்டையை உருட்டுறது. நாலோ அதுக்கு மேலயோ விழுந்தா அவன் எழும்பித் திரும்பச் சுடுவான்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான் நான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியொன்றின் விபத்துப் பகுதியில் முப்பத்தொரு வருடம் அட்டெண்டனாக இருந்தவள். என் கை படாமல் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போன ஆட்கள் குறைவு.

"முப்பத்தொரு வரியத்தில ஒருத்தரும் அப்பிடி எழும்பி ஓடினதை நான் காணேல்லை."

"அதுதான் அன்ரி எனக்கும் பிரச்சினை" என்றார்.

அந்த விதியை எடுத்துவிட்டு, உண்மைக்குக் கிட்டியதாக ஒன்றை எட்டு மாதமாக அவர் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவதும் கிழிப்பதும்தான். கூட்டாளிகளில் ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற சட்டத்தரணி, புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர். விதி என்று வந்தால் மற்றவர்கள் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் சொல்லியிருந்தாராம்: ஒரே தாளில் எழுதிக்கொண்டு வா, என்னோடு ஒருதரம் விளையாடிக் காட்டு, ஓர் ஓட்டை கண்டேனென்றால் தாளைக் கிழித்துவிடுவேன், அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

அன்றிலிருந்து நான் இறால் உடைக்கும்போது அவர் தாளும் பேனையுமாகக் குசினிக்கு வந்துவிடுவார்.

"முதல்ல ஆரிட்டப் போவியள்?"

"கத்துறவன் கிடக்கட்டும். அவனுக்கு மூச்சு இருக்கு. சத்தமில்லாமக் கிடக்கிறவனிட்டப் போகோணும்."

"அவன் ஏற்கெனவே செத்திருந்தா?"

"போய்த் தொட்டுப் பாத்தாத்தானே தெரியும்."

அவர் வேகமாக எழுதினார். ஆள் விழுந்தால் கத்துகிறானா, பேச்சில்லையா என்று கட்டை சொல்லும். மெடிக் பேச்சில்லாதவர்களில் கிட்ட உள்ளவனிடம் போகவேண்டும் என்று விதி வந்தது.

எனக்கும் கேள்விகள் இருந்தன. "கிட்டக் கிடக்கிறது எதிராளின்ர ஆளெண்டா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

"எங்கட வாசலில ஆர் எவரெண்டு விசாரிச்சுப் போட்டுத் தூக்கிறேல்லைத் தம்பி" என்றேன். அதுவும் தாளில் ஏறியது.

ஸ்ட்ரெச்சர் தூக்கும் இருவரையும் அவர் முன்பே பசை வைத்து ஒட்டியிருந்தார். காயப்பட்டவனின் தலை முன்பக்கம் இருந்தது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கால் முன்னால போகோணும், தலை பின்னால. பின்னுக்குப் பிடிக்கிறவருக்கு முகம் தெரிய வேண்டாமோ? நிறம் மாறினா அவர்தான் சொல்லோணும்."

சவரப் பிளேட்டால் அந்த ஆளை மெல்லக் கிளப்பினார். சப்பாத்தோடு ஒரு கால் கழன்று விழுந்தது.

"காலும் போச்சு அன்ரி."

"அதுக்கும் ஒரு விதி எழுதுங்கோ."

விளையாடிக் காட்டவேண்டிய ஞாயிறு வந்தது. சட்டத்தரணி தாளை மூன்றுதரம் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் கட்டையைத் தொட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சட்டத்தரணியின் கப்டன் விழுந்தார். பேச்சில்லை என்றது கட்டை. கிட்ட இருந்தவர் எங்கள் மெடிக். அவர் போய்ப் பக்கத்தில் குந்தினார். தொட்டுப் பார்த்ததில் உயிர் இருந்தது. அடுத்த முறைக்கு ஸ்ட்ரெச்சர் வந்துவிடும்.

இப்போது சட்டத்தரணியின் முறை. அவர் ஒரு துவக்குக்காரனில் விரலை வைத்து, நாடாவை மெடிக் மட்டும் இழுத்தார்.

"இவரைச் சுடுறன்."

"மெடிக்கைச் சுடேலாது அண்ணை!"

"எங்க எழுதியிருக்கு?"

தம்பி தாளை எடுத்துப் பார்த்தார். மறுபக்கம் திருப்பினார். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. அவர் திருப்புவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கத்துகிறவன், கத்தாதவன், கால், தலை எல்லாம் யோசித்து எழுதிய எங்கள் இரண்டு பேருக்கும், இதை எழுதவேண்டும் என்று தோன்றவேயில்லை.

"எழுதாதது விதியில்லை. இதுதான் ஓட்டை" என்று சொல்லிச் சட்டத்தரணி தாளை வாங்கி இரண்டு கையாலும் பிடித்தார். தம்பியின் காது சிவந்துவிட்டது. எட்டு மாதம்.

"லோயர், சுட்டுப் போட்டுக் கிழியுங்கோ" என்றேன். "ஆனா உங்கட கப்டன்ர கழுத்தில இருக்கிறது மெடிக்கின்ர விரல். அதை எடுத்தா என்ன நடக்குமெண்டு உந்தத் தாளிலயே இருக்கு."

"அக்கா, நீங்கள் ஆற்ற பக்கம்?"

"கீழ கிடக்கிற ஆளின்ர பக்கம்."

அவர் நான்காவது தரம் படித்தார். ஸ்ட்ரெச்சர் வருமுன் மெடிக் கையெடுத்தால் அவர் பார்த்துக்கொண்டிருந்த ஆள் செத்துப்போவான். கப்டன் போனால் ஒரு முறை முழுக்க அவருடைய ஆட்கள் அசையமுடியாது. சட்டத்தரணி கட்டையைக் கைக்குள் வைத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு நாடாவைச் சுருட்டி, வேறொரு பக்கமாக இழுத்தார். அந்த விளையாட்டில் வென்றதும் அவர்தான்.

முடிந்ததும் தம்பி அந்த ஒரு வரியை எழுதப் பேனையை எடுத்தார். சட்டத்தரணி தாளின்மேல் கையை வைத்தார்.

"எழுதாத. எழுதினா ஒருத்தரும் யோசிக்கமாட்டாங்கள். இப்பிடியே இருக்கட்டும், எனக்குச் சம்மதம்." அடியில் கையெழுத்தும் போட்டார்.

எனக்குச் சம்மதமில்லை. எழுதுங்கோ என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரிந்ததைக்கூட எழுதிச் சுவரில் ஒட்டித்தான் வைப்போம். இரண்டு பேரும் கேட்கவில்லை. தம்பி அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் மெடிக் குந்துகிற நேரம் பார்த்து நானும் கதிரையை இழுத்துவிடுவேன். யார் சுடுவார், யார் சுடமாட்டார் என்று முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரிலும் மெதுவாகக் கதைக்கிறவர்தான் முதலில் சுட்டவர். இன்னொருவர் சுட்டுவிட்டு அந்தப் பொம்மையிடமே மன்னிப்புக் கேட்டார். இதுவரை மூன்று பேர். அவர்களுக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன். சீனி மட்டும், கேட்டால்தான் போடுவேன்.