சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஆம்புலன்ஸ்

ஒஃபீலியா பிராகமோன்டே இருபத்தாறு வருஷமாக ஃபீனிக்ஸ் நகரத்தில் தபால் கொடுக்கிறாள். முதல் பதினோரு வருஷம் பழைய ஊருக்குள். அங்கே தெருக்கள் கட்டம்போட்ட துணி மாதிரி. ஒன்றில் பள்ளம் தோண்டியிருந்தால் அடுத்ததில் திரும்பிக்கொள்ளலாம். பிறகு ஊர் பாலைவனத்தைத் தின்றுகொண்டே வடக்கே போனது. அவளும் தபால் வண்டியோடு அதன் பின்னாலேயே போனாள். புதிய குடியிருப்புகளில் ஒரு தெரு இன்னொன்றைத் தொடுவதில்லை. வளைந்து வளைந்து போய், பை மாதிரி முடிந்துவிடும். போன வழியாகவே திரும்பி வரவேண்டும்.

நானும் என் வீட்டுக்காரர் லூத்தரும் அப்படியொரு பையின் அடியில்தான் இருக்கிறோம். எங்கள் பின்சுவரை ஒட்டியே பெரிய சாலை ஓடுகிறது. அதில் போகிற காரின் பாட்டுகூடக் காதில் விழும். ஆனால் அந்தச் சாலைக்குப் போக மூன்று மைல் சுற்ற வேண்டும்.

எனக்குப் படிக்கத் தெரியாது. தங்கை போடும் கடிதங்களை ஒஃபீலியாதான் தெருமுனைத் தபால் பெட்டியருகே நின்று வாசித்துக் காட்டுவாள். "எந்த வீடு எதுக்கு முதுகைக் காட்டுதுன்னு எனக்கு அத்துப்படி, மிஸ் லவோனி" என்பாள். பெருமையடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

போன ஜூலையில் ஒரு நண்பகல், லூத்தர் எலுமிச்சை மரத்தடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். போன் செய்தேன். சீக்கிரமே சைரன் கேட்டது. கேட்டது பின்சுவருக்கு அந்தப் பக்கம்! வண்டியிலிருந்த வரைபடம் ஆம்புலன்ஸ்காரர்களை எங்களுக்கு மிக அருகில் கொண்டுவந்து விட்டிருந்தது. நடுவில் ஆறடிச் சுவர் இருப்பதை மட்டும் அது சொல்லவில்லை.

நான் போட்ட கூச்சலில், தபால் பெட்டியருகே நின்றிருந்த ஒஃபீலியா ஓடிவந்தாள். எங்கள் குப்பைத் தொட்டியை உருட்டிச் சுவரோடு சாத்தி, அதன்மேல் ஏறினாள்.

"நாங்க சுத்தி வர்றோம்!" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"சுத்தாதீங்க! உள்ள வர்ற ஒரே வழியையும் இன்னிக்குத் தோண்டிப் போட்டிருக்காங்க, நானே வண்டிய வெளிய விட்டுட்டு நடந்துதான் வந்தேன். வண்டியப் பின்னால எடுத்து சுவரோட ஒட்டுங்க. இவரச் சுவர் மேலயே தூக்கிடலாம்."

"அது விதிமுறைக்கு ஒத்துவராதும்மா."

"அப்ப உங்க விதிமுறையே வந்து இவர் நெஞ்சை அமுக்கட்டும்!"

அடுத்த நிமிஷம் இரண்டு பேர் உள்ளே குதித்தார்கள். நெஞ்சை அமுக்கி, மூச்சைத் திரும்ப வரவைத்து, அவரைப் பலகையில் கட்டிச் சுவருக்கு மேலே தூக்கினார்கள்.

"நீங்க கார்ல வந்துடுங்க பாட்டி" என்றான் ஒருவன்.

"போய்யா. தோண்டிப் போட்ட வழியில மூணு மைல் சுத்த எனக்கு நேரமில்ல" என்று நானும் தொட்டிமேல் ஏறினேன். ஒஃபீலியா கீழிருந்து தள்ளினாள்.

"மெதுவாடி! தபால் மூட்டைன்னு நெனச்சியா?"

"மூட்டை இவ்வளவு பேசாது, மிஸ் லவோனி."

சுவர்மேல் ஒரு கணம்தான் உட்கார்ந்தேன். மலையடிவாரம் வரை கூரைகள், கூரைகள். ஒரே சாலையில் கொத்துக்கொத்தாய்த் தொங்கும் தெருக்கள், ஆயிரக்கணக்கில். எந்தக் கொத்தின் முதுகு எதில் உரசுகிறது என்பது அத்தனையும் கீழே நின்ற ஒருத்தியின் தலைக்குள் இருந்தது. ஆம்புலன்ஸ்காரன் கைகொடுக்க, அந்தப் பக்கம் இறங்கினேன்.

ஆம்புலன்ஸில் லூத்தர் கண்ணைத் திறந்தார்.

"எந்த வழியா வந்தோம்?"

"வழியே இல்ல. ஒஃபீலியா ஒண்ணு போட்டா" என்றேன்.