அப்பாவின் ரேசருக்கு என்ன முலாம்

ஒரு ரேசருக்கு முலாம் பூச ஒரு குடும்பமே கூடிப் பேசும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் அதைத் தொட்டே இருக்கமாட்டேன். எனக்குப் பெண் பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் இத்தனை பேச்சு நடக்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததில் வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து விரலும்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுவார். சட்டைப் பொத்தானை என் மனைவி போட்டுவிடுவாள். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று ஊரையே அதட்டிய மனிதருக்கு இதெல்லாம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முகச்சவரம் ஒன்றை மட்டும் அவரே செய்துகொள்வார். அந்த இரண்டு விரலால் பழைய பித்தளை ரேசரைப் பிடித்து, அரை மணி நேரம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் யாரும் கிட்டே போகக் கூடாது. யார் தயவும் இல்லாமல் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு வேலைதான்.

ரேசரின் முலாம் உரிந்து, பிளேடு மாட்டும் தலைப்பகுதி பச்சை பூத்து, செதில் செதிலாகக் கன்னத்தைக் கீறியது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சின்னக் கீறலுக்கே துண்டு நனைந்துவிடும். பிளாஸ்டிக் ரேசர் வாங்கிக் கொடுத்தேன், விரலில் நிற்கவில்லை என்றார். டிரிம்மர் வாங்கிக் கொடுத்தேன். “இது என்னடா, ஆட்டுக்கு முடி வெட்டுற மிஷினு?” என்று தூக்கிக் கட்டிலில் போட்டார். சரி, பழையதையே புதுசாக்கிவிடலாம் என்று நான்தான் கிளம்பினேன். எனக்கு நன்றாக வேண்டும்.

அரியலூரில் விசாரித்ததில் பெரம்பலூரில் ஒரு முலாம் கடையைக் காட்டினார்கள். கோயில் விளக்கு, பந்தயக் கோப்பை, பைக்கு சாமான் என்று எது கொடுத்தாலும் பளபளவென்று ஆக்கிக் கொடுக்கிறவர். அவர் ரேசரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நிக்கலா, குரோமா, தங்க முலாமா சார்?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அங்கேயே வாயில் வந்ததைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

விக்கிரமங்கலத்தில் இருக்கும் அக்கா போனிலேயே முடிவு கட்டிவிட்டாள். “தங்கம்தான்டா. அப்பாவுக்கு நாம வேற என்னத்த செஞ்சுட்டோம்?”

என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. “தங்கத்தால முடி வழிக்கிறதா? லட்சுமி வூட்டுல தங்குமா? குரோம் போடச் சொல்லுங்க, நம்ம பாத்ரூம் குழாய் கணக்கா இருக்கும்.”

“குழாயாம்ல குழாய்! எங்கப்பா மூஞ்சிக்கு அவளுக்குக் குழாய்தான் கெடச்சுதா?” என்றாள் அக்கா. அதை நான் இவளிடம் சொல்லவில்லை. இவளே ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு நாள் எனக்கு மோருக்கு உப்பு விழவில்லை.

மறுபடி பெரம்பலூர் போனேன். தங்க முலாம் சோப்புத் தண்ணீரில் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்றார் கடைக்காரர். நிக்கல் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் சிலருக்கு அரிக்கும் என்றார். குரோம் கல்லுமாதிரி நிற்கும், கொஞ்சம் நீலம் அடிக்கும் என்றார். அரிப்பு, நீலம், தேய்மானம் எல்லாவற்றையும் அக்காவிடம் ஒப்பித்தேன். அழுதாள். தன் மாமியாரிடம் கேட்டு வந்து மறுபடி தங்கம் என்றாள். ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையில் நான் வேலையாக லாரி எடை போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட போன் வரும். ஒரு நாள் சிமெண்டுத் தூசியோடு நின்று, “தாயே, நீயே வந்து பூசிட்டுப் போ!” என்று கத்திவிட்டேன். டிரைவர் பயந்துபோய் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

கடைசியில் குரோம் என்று நானே சொன்னேன். “முகம் தெரியணும், அவ்ளோதான்” என்று அழுத்தியும் சொன்னேன். வெள்ளிக்கிழமை தயாராகிவிட்டது. வெள்ளியன்று கத்தி வீட்டுக்குள் வரக் கூடாது என்றாள் மனைவி. சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்றாள் அக்கா. அது பித்தளை என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே கட்சியாகச் சேர்ந்தது அந்த ஒரு விஷயத்தில்தான். அதற்குள் அப்பாவுக்கு முகமெல்லாம் வெள்ளைத் தாடி. “எழவு வூட்டுக்காரன் மாதிரி குந்திருக்கேன்டா. ஒரு ரேசருக்கு இம்புட்டு நாளாடா, வெண்ண?” என்று தினமும் ஒரு தடவை என்னைக் காய்ச்சினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் வாங்கி வந்தேன். நிஜமாகவே முகம் தெரிந்தது. மனைவி வாயெல்லாம் பல்லாக நின்றாள். அக்கா வீடியோவில் பார்த்துவிட்டு, “நல்லாத்தான்டா இருக்கு” என்றாள். அப்பா பிளேடை மாட்டி, சோப்பு நுரை பூசி, கன்னத்தில் வைத்தார். ரேசர் விரலுக்குள் உருண்டு வாளியில் விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். இரண்டாவது தடவை உருண்டு தாடையில் கிழித்தது.

துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே கைப்பிடியைப் பார்த்தேன். விரல் வழுக்காமலிருக்க அதில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டியிருந்த கோடுகள் ஒன்றுகூட இல்லை. வழவழவென்று இருந்தது.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். “அந்தக் கோட்டுக்குள்ள ஒரே அழுக்கு சார். ஒன்னு விடாம தேச்சு எடுத்துட்டுத்தான் முலாம் போட்டேன். நீங்கதானே முகம் தெரியணும்னீங்க?” என்றார் பெருமையாக. மறுபடி கோடு போட முடியாதா என்று கேட்டேன். “பிடி உள்ள ஓட்டைக் குழாய் சார், நசுங்கிரும்” என்றார்.

அவரை என்ன சொல்ல? நான்தான் சொன்னேன். நிறத்தைப் பற்றி அக்காவைக் கேட்டேன், மனைவியைக் கேட்டேன், அக்காவின் மாமியாரைக்கூடக் கேட்டேன். வழிக்கிற மனிதரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறம் எதுவானால் என்ன, பிடியில் கை வைக்காதே என்று சொல்லியிருப்பார். எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சைக்கிள் டியூபை வெட்டிப் பிடியில் சுற்றிக் கொடுத்தேன். நுரை பட்டதும் அதுவும் சுழன்றது. “இதே மாதிரி கோடு போட்டது வேற வாங்கிடலாம்ப்பா, ஆன்லைன்ல தேடுறேன்” என்றேன். திட்டுவார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

“வேணாம்ப்பா. நீயே வழிச்சு வுட்டுரு” என்றார்.

ஸ்டூலை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டு தாடையைத் தூக்கிக் காட்டினார்.