மூன்றாவது சரணம்

பாட்டு எழுதுகிறவள் என்றால் எப்போதும் ஜெபத்திலேயே மிதந்துகொண்டிருப்பாள் என்று சபையில் பலருக்கு நினைப்பு. எனக்கு ராகம் வருவதெல்லாம் உலைக்கு அரிசி களையும்போதுதான். பகலெல்லாம் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு கத்தித் தொண்டை கட்டி, வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டி, அதற்கப்புறம் பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் கர்த்தருக்கு இரண்டு வரி. இதைப் பக்தி என்று யாராவது சொன்னால் எரிச்சல்தான் வரும். அலுப்பு ஐயா, வெறும் அலுப்பு.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்களுடையது சின்ன சபை. வருஷாவருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் புதுப் பாட்டு நான்தான் கட்டித் தர வேண்டும். விளைந்ததையெல்லாம் பீடத்தின் முன் கொண்டுவந்து வைப்பார்கள். கதிர்க்கட்டு, பூசணி, கால் கட்டிய கோழி. ஆராதனை முடிந்ததும் ஏலம். பாடகர் குழு என்பது சேரியிலிருந்து வரும் ஏழு பெண்கள். எல்லோரும் நடவு ஆட்கள், ஒருத்திக்கும் எழுத்து தெரியாது. சனிக்கிழமை மத்தியானம் நான் ஒரு வரி சொல்ல, அவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். ஒருமுறை வாங்கிவிட்டால் மறக்கவே மாட்டார்கள்.

அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதிது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சேரி முழுவதும் அறுவடைக்கு இறங்க மறுத்தது. மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். வரப்பில் கைகலப்பு, பிறகு போலீஸ். குழுவில் முதல் குரல் கொடுப்பவளின் புருஷனையும் பிடித்து ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

"டீச்சரம்மா, அவரு பேரக்கூட போட வேணாம். உள்ள கெடக்குறவங்கள வீடு சேத்துடுங்க சாமின்னு ஒரு வரி போட்டுடுங்க. நான் ஒருத்தி குடிசையில அழுதா யாருக்குக் கேக்கும்? சபை மொத்தமும் பாடுனா ஆண்டவரு கேக்காம எங்க போவாரு?" என்றாள்.

மூன்றாவது சரணமாக எழுதி, பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை பாடிச் சொல்லிக் கொடுத்தேன். கட்டுண்டோர் கதவைத் திறந்திடும் ஐயா, கதிரறுத்த கைகளை வீடு சேர்த்திடும் ஐயா. ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் பாடலாங்க" என்றாள். பாடினோம்.

அன்று சாயங்காலமே போதகர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர்தான், பயந்த சுபாவம்.

"நாளைக்கு மிராசுதார் வர்றாருங்கம்மா. பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அந்த மூணாவது சரணம் இந்த வருஷம் வேணாமே."

ஒரு தாளத்துக்காக இதே போதகரோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றவள் நான். அன்றைக்கு "சரிங்கய்யா" என்றேன். களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. அதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்? வீட்டுக்கு வந்து சிவப்பு மையால் சரணத்தை அடித்தேன். சேரிக்குச் சொல்லி அனுப்பவில்லை. எழுத்து தெரிந்தவள் செய்கிற தப்பு அது. தாளில் அடித்துவிட்டால் பாட்டிலிருந்தே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மிராசுதார் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சரணம் முடிந்ததும் ஆர்மோனியத்தைப் பல்லவிக்குத் திருப்பினேன். ஆறு குரல்கள் கொஞ்சம் தடுமாறி என்னோடு வந்துவிட்டன. அவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது சரணத்தை எடுத்தாள். முதல் வரி முழுசாக, கணீரென்று வந்தது. சபை திரும்பிப் பார்த்தது. போதகர் என்னைப் பார்த்தார்.

அவள் பின்னால் போக என் விரலுக்குத் தெரியாதா என்ன? நான் போட்ட மெட்டுத்தானே. பாவி, நான் துருத்தியை இன்னும் வேகமாக அழுத்திப் பல்லவியை ஓங்கி வாசித்தேன். இரண்டாவது வரியின் பாதியில் அவள் குரல் நின்றுபோயிற்று.

வெளியே ஏலம் நடந்துகொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள். கேட்கட்டும், நாலு வார்த்தை திட்டட்டும் என்றுதான் காத்திருந்தேன். அவளோ பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க டீச்சரம்மா. பெரிய மனுஷங்க வந்த எடத்துல உங்க பாட்ட கெடுத்துட்டேன். புத்தி பூரா அவருகிட்டயே கெடக்கு, எங்கயோ வரி மாறிப்போச்சு."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். போதகர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"பரவால்ல, போ" என்று அவளை மன்னித்து அனுப்பினேன்.