கரையும் குழாய்

என் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுவிட்டு, அந்தக் கோபத்தோடு கண்ணாடி டம்ளரைத் தேய்த்தேன். அது கைக்குள்ளேயே உடைந்து வலது ஆட்காட்டி விரலை ஆழமாகக் கிழித்துவிட்டது. நரம்பு அறுந்து, நுனியில் உணர்ச்சியே இல்லை. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் எம்பிராய்டரி மெஷின் ஓட்டுகிறவள் நான். நூல் அறும்போதெல்லாம் ஊசியில் கோக்க வேண்டும். விரலில் நூல் இருப்பதே தெரியாவிட்டால் எப்படி? துணி மடிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். விரல் தேறாவிட்டால் கடைசி வரை மடிப்புதான்.

அறுந்த முனைகள் விலகிவிட்டன, இழுத்துத் தைக்க முடியாது என்று டாக்டரம்மா நடுவில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார். நரம்பு அதற்குள்ளேயே வளர்ந்து மறுபக்கம் சேரும், குழாய் தானாகக் கரைந்துவிடும் என்றார். கரையும் என்றதுமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பனியன் துணியில் பூ போடும்போது மேலே ஒரு தாள் வைப்போம்; தண்ணீரில் அலசினால் காணாமல் போய்விடும். அது எத்தனை சீக்கிரம் போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

தையல் பிரித்த பிறகும் கையில் தண்ணீர் படவிடவில்லை. பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு குளித்தேன். பாத்திரம், துணி எல்லாம் வீட்டுக்காரர் தலையில். அந்த வகையில் எனக்கு மனக்குறை எதுவுமில்லை.

அடுத்த முறை வீட்டுக்காரரோடு போனபோது விரல் இடுக்கு அழுக்கைப் பார்த்து டாக்டரம்மா முகம் சுளித்தார். காரணம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏனுங்க, அது உடம்புக்குள்ள மாசக்கணக்குல கரையறதுங்க. வெளிய தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாதுங்க.”

வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அத்தனை நாள் தேய்த்த பாத்திரங்கள் அவர் கண்முன் வந்திருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு விதவிதமான பொருட்களைத் தொட்டுப் பழகச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகளைக் கொண்டுவந்தேன். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக என் விரலுக்கடியில் வைப்பார். வழவழப்போ சொரசொரப்போ, எனக்கு எல்லாம் ஒன்றுதான். மாதங்கள் போயின. சில சமயம் எறும்பு ஊர்வது போலிருக்கும், அவ்வளவே. ஒருநாள் எரிச்சலில் எல்லாவற்றையும் விசிறி எறிந்து, இனி மெஷின் இல்லை என்று அழுதேன். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். நாலைந்து துண்டுகள் ஒன்றும் தெரியாமலே போயின. பிறகு விரலுக்கடியில் ஏதோ குத்தியது. மெல்லத் தேய்த்துப் பார்த்தேன். முள்முள்ளாக இருந்தது, சூடாகவும் இருந்தது. துணியில்லை.

“ஏங்க, ரெண்டு நாளா சவரம் பண்ணலையா?”

அவர் என் கையைத் தன் கன்னத்திலிருந்து எடுக்க விடவில்லை.

“நாளைக்கே போயி உன் மெஷினக் கேளு” என்றார்.